நாலரை மணி பஸ்ஸில் வந்த காலடிகள்

புன்னைக்கரையில் வயதானவர்கள் ஒரு கல்யாணத்தையோ ஒரு சாவையோ நினைவுபடுத்திச் சொல்லும்போது இன்றைக்கும் தடம் விழுந்த வருஷத்துக்கு முந்தி, தடம் விழுந்த வருஷத்துக்குப் பிந்தி என்றுதான் சொல்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் மஸ்கட்டில் இருந்துவிட்டு இந்தத் தை மாதம் ஊர் திரும்பிய எனக்கும், மூன்றாம் உப்பளம் இருந்த இடத்தில் சூரிய மின்தகடுகள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பதைக் கண்டு நிற்கும்போது வேறெந்த வருஷமும் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பன்னிரண்டு நாள்தான் வருகிறது, அதுவும் வரிசை மாறாமல், ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிறது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் ஏங்குவது நாலரை மணிக்குத்தான். திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ் நாலரை மணிக்கு எங்கள் ஊர் முக்கில் வேகம் குறையும், நிற்காது, கண்டக்டர் படியில் நின்றபடி ‘அந்திக்குரல்’ மாலைப் பேப்பர் கட்டை எறிவார், கடைக்கார அண்ணாச்சி கயிற்றை அறுத்து முதலில் போஸ்டரை எடுத்து வாழைத்தாருக்குப் பக்கத்தில் துணிக்கிளிப்பு போட்டுத் தொங்கவிடுவார், அதே நேரத்துக்கு அளத்து வேலை முடிந்து பெண்கள் கணுக்கால் வரை சாக்குத்துணி சுற்றிய கால்களோடு, புருவத்தில் உப்புப் பூத்து, ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்து கடைமுன் மணலில் உட்கார்வார்கள். நான் அப்போது கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், இருபத்திரண்டு வயது. அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது, மீதிப்பேருக்கு உப்பு வெயில் பார்த்துக் கண் மங்கல். நான்தான் படித்துக் காட்ட வேண்டும். “மெதுவா வாசிங்க டீச்சர், கொலை வாற எடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிங்க” என்பார்கள். மை ஈரம் விரலில் ஒட்டும். எண்ணெயில் பருப்பு வடை வேகும். அந்த நாலரை மணியில் யாருக்கும் யார் மீதும் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஆண்டு மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் என்று பள்ளிக்கு விடுமுறை. என் வகுப்புப் பிள்ளை ஜெசிந்தா, எட்டு வயது, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை, உச்சிவேளையில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனாள். அப்பா சந்தியாகு மூன்றாம் அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்காரர். மோட்டார் பெல்ட்டில் ஒருமுறை கால் சிக்கியதிலிருந்து இடதுபக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பவர். சோறு அவருக்கு வந்து சேரவில்லை. கோபத்தோடு மூன்று மணி வரை பார்த்தார், பிறகு பயத்தோடு தேடினார், பொழுது சாயும் நேரத்தில் தூக்குவாளி ஒரு பாத்தியின் வரப்பு மேல் இருந்தது. மூடி திறக்கவில்லை. சோறும் மீன்குழம்பும் அப்படியே இருந்தன. பிள்ளையைக் காணவில்லை.

அந்தப் பாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் களிமண்ணைப் பெண்கள் வரிசையாக நின்று தோளில் தோள் இடிக்க நாள்கணக்கில் மிதிப்பார்கள், மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்குவார்கள், அப்போதுதான் உப்பு சேறு கலக்காமல் வெள்ளையாக விளையும். தூக்குவாளி இருந்த பாத்தி அன்று காலையில்தான் மிதித்து முடித்த பாத்தி, இன்னும் ஈரம் காயாதது. அதில் ஒரு எறும்பு நடந்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிலும் கயிறு கட்டிக் குனிந்து பார்த்தபோது பாத்தி வழித்துவிட்ட தட்டுப்போலக் கிடந்தது. “ஒரு தடம்கூட இல்லையேய்யா” என்று அவர் சொன்னதை ஊரே கேட்டது.

அந்திக்குரலுக்கு எங்கள் ஊர் நிருபர் தவமணி. ஸ்டுடியோ வைத்திருந்தார், ஊரில் எல்லாருடைய பாஸ்போர்ட் போட்டோவும் அவர் எடுத்ததுதான், நல்ல மனுஷர். காலை பத்து மணிக்கு எஸ்டிடி பூத்திலிருந்து மூன்று வரி சொல்வார், திருநெல்வேலி ஆபீஸில் அது முப்பது வரியாக வளர்ந்து நாலரை மணிக்கு அவரிடமே திரும்பி வரும், அவரும் எங்களைப் போலவே புதிதாகப் படிப்பார். அன்றைய போஸ்டர்: உப்பளத்தில் சிறுமி மாயம், காலடித் தடம் சிக்கியது. “நான் தடம் கிடைக்கலன்னுதானே சொன்னேன்” என்று தவமணி முனகினார். நான் அதை எழுத்துக்கூட்டி, மெதுவாக, அளத்துப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன்.

புதன்கிழமை காலையில் பாத்தியில் தடம் இருந்தது. சின்னக் கால்கள், இரண்டு வரிசை, வரப்பிலிருந்து இறங்கித் தெற்கே ஓடையைப் பார்த்துப் போயிருந்தன.

இதை நாங்கள் அதிசயமாக எடுத்துக்கொண்டோம் என்று நினைக்கக் கூடாது. பேப்பரில் வந்துவிட்டது, பாத்தியிலும் வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் நேற்றைக்குத் தன் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அன்று சாயங்காலமே தூத்துக்குடியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பத்துப் போலீஸ்காரர்கள் தெற்கே ஓடையில் இறங்கி நாள் முழுக்கத் துழாவினார்கள். ஜெசிந்தாவின் அம்மா அமலோற்பவம், ஜாக்கெட் தைப்பவள், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வரப்பில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எந்தப் பக்கம் போனா, பாத்தீகளா?” எல்லாரும் தெற்கே கையைக் காட்டினார்கள்.

அன்றைய நாலரை மணிக்கு: சிறுமியைப் பின்தொடர்ந்த கால் ஊனமுற்ற நபர் யார்? வியாழக்கிழமை காலையில் சின்னக் கால்களுக்குப் பக்கத்தில் பெரிய கால்கள் விழுந்திருந்தன, வலது கால் ஆழமாக, இடது கால் இழுத்தபடி. இன்ஸ்பெக்டர் புதுக் கண்ணாடி வழியாக அளந்தார். எங்கள் ஊரில் அப்படி நடப்பவர் ஒருவர்தான். பத்து மணிக்குச் சந்தியாகுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“சந்தியாகு அப்படிப்பட்ட ஆளு இல்ல” என்றார் அண்ணாச்சி, வடையைப் புரட்டிக்கொண்டே.

“அப்ப தடம் பொய் சொல்லுதாக்கும்?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அவள் சந்தியாகுவின் சொந்த அத்தை மகள்.

அவளே என்னிடம் திரும்பி, “மேல வாசிங்க டீச்சர்” என்றாள்.

மேலே வாசித்தேன். வெள்ளை வேன் என்று வாசித்தேன், வெள்ளிக்கிழமை காலையில் பாத்தி நடுவில் நான்கு டயர் பதிந்திருந்தது, இரண்டடி வரப்பில் வேன் எப்படி இறங்கியது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டபோது, “பேப்பர்ல போட்டாச்சுன்னா அது வராமலா இருக்கும்?” என்று எங்கள் பெண்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி, காலில் கொலுசு என்று வாசித்தேன், சனிக்கிழமை காலையில் சின்னத் தடம் இரண்டு விரற்கடை நீண்டிருந்தது, குதிகாலைச் சுற்றிக் கொலுசு மணியின் புள்ளிகள் விழுந்திருந்தன. நரபலியா என்று கேள்விக்குறி போட்டிருந்ததை அந்தக் கேள்விக்குறியோடு சேர்த்து வாசித்தேன், மறுநாள் கறுப்புக் கோழி ஒன்று பாத்தி முழுவதும் கிறுக்கி வைத்திருந்தது, தடம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. போலீஸ் ஒவ்வொரு நாளும் அன்றன்றைய தடம் போன திசைக்குப் போனது. முந்தின நாள் திசை எது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அமலோற்பவத்தின் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஊர் வேறு பக்கம் கையைக் காட்டியது, அவளும் ஒவ்வொரு பக்கமும் ஓடினாள், ஓடிக் களைத்துத் திரும்பிவந்து மறுபடியும் அதையே கேட்டாள்.

ஊர் அதற்குள் தடத்தோடு வாழப் பழகிவிட்டது. திருச்செந்தூரிலிருந்தும் ஏரலிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள், கோயிலுக்கு வருவதுபோல வரப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள், கடலை விற்றது, ஐஸ் விற்றது, யாரோ ஒருவர் வெயிலுக்குப் பந்தல் போட்டார். காலில் ஆறு விரல் உள்ள ஒருவர், என்றைக்காவது பேப்பரில் ஆறு விரல் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மாசி வெயிலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததாக ஒரு வரி போடுங்களேன் என்று பெண்கள் தவமணியைக் கெஞ்சி, அவரும் இரக்கப்பட்டுப் போட்டார். குழாயில் காற்றுதான் வந்தது. எழுதியதைக் கேட்டு நடந்தது அந்த ஒரு பாத்தி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் யாரோ அதைச் சொன்னார்கள். யார் சொன்னது என்று பிற்பாடு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பேப்பரில் போட்டால் தடம் வருகிறதென்றால், பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்று போடச் சொன்னால் என்ன? கூட்டம் அப்படியே தவமணி ஸ்டுடியோ வாசலில் போய் நின்றது. அமலோற்பவம் முன்னால் நின்றாள்.

“நடக்காததை நான் எப்படிம்மா எழுத?” என்றார் தவமணி.

“இத்தனை நாளும் எழுதுனதெல்லாம் நடந்ததா வே?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

தவமணி வெகுநேரம் கேமராவின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை பூத்துக்குப் போனார். அன்று நாலரை மணி போஸ்டரை நான் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது: மாயமான சிறுமி வீடு திரும்பினாள். பெண்கள் மணலிலேயே முழங்காலிட்டு ஒரு ‘அருள்நிறை மரியே’ ஜெபம் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தடம் திரும்பி வந்தது. பாத்தியிலிருந்து வரப்பேறி, வரப்பிலிருந்து அளத்துப் பாதைக்கு இறங்கி, தார் ரோட்டைக் குறுக்கே கடந்து, ஒவ்வொரு அடியிலும் ஈரக் களிமண் ஒட்ட, மாதா கெபியைத் தாண்டி, பள்ளிக்கூடத்து வேலி ஓரமாக, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, அமலோற்பவத்தின் வீட்டு வாசற்படி ஏறி, தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு, அவள் பிள்ளைக்காக விரித்தே வைத்திருந்த பாய் வரைக்கும் வந்து, பாயின் ஓரத்தில் இரண்டு காலும் சேர்ந்து, படுப்பதற்கு முன்னால் நிற்கிறவர்கள் நிற்பதுபோல நின்றிருந்தது. பாயில் யாரும் இல்லை.

கோயில் மணி அடித்தார்கள். ஸ்டேஷனில் சந்தியாகுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பிள்ளைதான் வந்துட்டாளே, போய்யா” என்று அனுப்பினார்கள். அவர் சாய்ந்து சாய்ந்து ஓடிவந்து, வீட்டுக்குள் நுழைந்து, பாயைப் பார்த்து, அடுக்களையைப் பார்த்து, கொல்லைப்புறம் போய்ப் பார்த்து, திரும்பி வந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். பாயைப் பார்த்து ஒருத்தி, “பிள்ளை மெலிஞ்சுதான் போயிட்டா” என்றாள். இன்னொருத்தி, “பயந்திருப்பா, கொஞ்ச நாள் பேச மாட்டா, எதையும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க” என்றாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்பது நாள் நீண்ட கவலைக்குப் பிறகு அவர்களுக்கு ஓய்வு வேண்டியிருந்தது, தடம் அந்த ஓய்வைத் தந்தது.

அமலோற்பவம் ஸ்டேஷனுக்குப் போய், இன்னும் தேட வேண்டும் என்றாள். “எதுக்கும்மா?” என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமாகவே புரியாமல். “வீட்டுக்குள்ளயே போயிருக்கே தடம். நானே அளந்தேன்.” கேஸ் முடிந்ததாக எல்லா ஊருக்கும் தகவல் போய்விட்டது.

மறுநாள் புதன்கிழமை என் வகுப்பறையிலும் தடம் இருந்தது. இரண்டாவது பெஞ்சு ஓரம் வரை. வருகைப் பதிவேட்டில் ஜெசிந்தா பெயருக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். தலைமையாசிரியை அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தவர், பெஞ்சைக் காட்டி, “போடும்மா, வந்திருக்காள்ல” என்றார். நான் போட்டேன். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் அவளுக்கும் சேர்த்து “உள்ளேன் டீச்சர்” என்றான்.

அன்று மத்தியானம் நான் பாடம் நடத்தவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன், அவளிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நான் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் சித்திரைக்கனி வந்தாள். அளத்தில் மிதிப்பு வரிசையின் முதல் ஆள் அவள்தான், ஐம்பது வயது, அவள் பாதம் முறம் மாதிரி அகலம். தினமும் என் எதிரில் உட்கார்ந்து பேப்பர் கேட்பவள், அந்த ஒன்பது நாளில் ஒரு வார்த்தையும் பேசாதவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்தாள்.

“இது யார் தடம்?” என்றாள்.

“எம் பிள்ளைதுன்னு சொல்லுதாவ” என்றாள் அமலோற்பவம்.

“இல்ல.”

“ஒனக்கு எப்படிக்கா தெரியும்?”

“அவ தடத்தை நான்தான் மிதிச்சு அழிச்சேன்.”

தையல் மெஷின் மேல் வைத்திருந்த கத்தரிக்கோலை அமலோற்பவம் எடுத்தாள், எடுத்து வேறொரு இடத்தில் வைத்தாள்.

சித்திரைக்கனி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வந்தாளாம். காலையில் மிதித்து முடித்த பாத்தியில் சின்னப்பிள்ளைக் கால் குறுக்கே போயிருந்ததாம். “மிதிச்ச பாத்தியில கோழி நடந்தாக்கூட அந்த எடம் குழியாயிரும், சேறு நின்னு உப்பு கருத்துப் போவும். எந்தச் சவம்டா நடந்ததுன்னு வஞ்சிக்கிட்டே எறங்கி மிதிச்சேன். யோசிக்கல. பாத்த ஒடனே காலு தன்னால போயிட்டு. இருட்டுன பெறகுதான் பிள்ளையக் காணலன்னு சொன்னாவ. மறுநாள் கயிறு கட்டிட்டு தடம் இல்ல தடம் இல்லன்னு போலீசு நிக்கி. நான்தான் அழிச்சேன்னு சொன்னா என்னைய சும்மா விடுவாவளா? அதுக்கு மறுநாள் தடம் வந்துட்டு. சரி, கடவுளா பாத்துத் திருப்பிக் குடுத்துட்டாருன்னு கும்பிட்டேன். ஆனா அது வேற தடம். போன பக்கமும் வேற. ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு வருவேன், நீங்க பேப்பர் வாசிப்பீக டீச்சர், அதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துரும், நான் பாத்ததுதான் தப்போன்னு.”

அமலோற்பவம் அவளைத் திட்டவில்லை. எழுந்து போய் அவள் முன்னால் நின்று, பத்து நாளாக ஊரெல்லாம் கேட்ட அந்த ஒரே கேள்வியை, இந்த முறை மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள். “எந்தப் பக்கம் போனா?”

“மேக்கே. பாண்டி ஆடிக்கிட்டுப் போயிருக்கா. ஒத்தக் காலுல நாலு தடம், ரெண்டு காலும் சேத்து ஒண்ணு, பெறகும் ஒத்தக் காலு. மேக்கு வரப்பு ஏறி லோடு மேட்டுக்குப் போயிருக்கா. பின்னால ஒருத்தர் தடமும் இல்ல தாயி. ஒரு ஈ காக்கா தடம் இல்ல.”

“பாண்டி ஆடிக்கிட்டா?”

“ஆமா.”

“பயந்த பிள்ளை பாண்டி ஆடாதுல்லாக்கா” என்றாள் அமலோற்பவம், பத்து நாளில் முதல்முறையாகக் கீழே உட்கார்ந்து, அளவு நாடாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மூலையில் இருந்த சந்தியாகு அப்போது பேசினார். “திங்கக்கெழம மத்தியானம் லோடு மேட்டுல கொல்லத்து லாரிதான் நின்னுது. நான்தான் மோட்டாரை நிறுத்திட்டுத் தார்ப்பாய் கட்ட ஒரு கை குடுத்துட்டு வந்தேன்.” ஐந்து நாள் ஸ்டேஷனில் அவரை உட்காரவைத்துக் கேட்டவர்கள் எல்லாரும் அவர் காலைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். லாரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “டீச்சர், இது ஒங்க வாயில வரக்கூடாது. அக்கா, ஒன் வாயிலயும். கடைக்குப் போகாதீங்க. ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் கேப்பாவ, நாலரை மணிக்குப் பேப்பர்ல வந்துரும், அப்புறம் மேக்கும் மாறிப்போயிரும்.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் செங்கோட்டை வழியாக நாங்கள் மூன்று பெண்கள் கொல்லம் போனோம். அமலோற்பவம் தாய் என்பதால், சித்திரைக்கனி சாட்சி என்பதால், நான், அங்கே இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்பதால். சந்தியாகு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “தூங்குதா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதை நான் என் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் யோசித்தேன்.

அந்த லாரி உப்பு இறக்கும் கிட்டங்கிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காவல்காரர் யோசிக்கவே இல்லை. ஆமாம், தார்ப்பாயை அவிழ்த்தபோது உப்பு மேல் ஒரு பெண்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது, தலைமுடி, இமை எல்லாம் வெள்ளை, பொம்மை என்றே நினைத்தார்கள், பிறகு அது தண்ணீர் கேட்டது. டிரைவர் பயந்துபோய்ப் பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மடத்துத் தலைவி வயதானவர், வாசலில் நிறுத்தியே பேசினார், முதலில் இங்கிலீஷில், பிறகு மற்ற இருவருக்கும் புரியட்டும் என்று பாதித் தமிழில். மேசையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். இரண்டும் போலீஸ் அனுப்பியவை. ஒன்றில், பன்னிரண்டு வயது, காலில் கொலுசு, ஊனமுற்ற ஆளால் வெள்ளை வேனில் கடத்தப்பட்டவள் என்றிருந்தது. நான் கடைவாசலில் உரக்கப் படித்த வரிகள்தான், வேறு மொழியில், அரசாங்க முத்திரையோடு இருந்தன. இன்னொன்றில், மேற்படி சிறுமி கிடைத்துப் பெற்றோரிடம் சேர்ந்துவிட்டாள் என்றிருந்தது.

“இந்தக் குட்டிக்கு எட்டு வயசு” என்றார் தலைவி. “கொலுசு இல்ல. வேன் இல்ல. ஆள் இல்ல. புன்னைக்கரைன்னு சொல்லுது, நாங்க இங்க ஸ்டேஷன்ல கேட்டோம், புன்னைக்கரைக் குட்டி வேற, அது பெரிய குட்டி, அதுவும் கிடைச்சாச்சுன்னு சொன்னாங்க. உங்க குட்டி வீட்டுல இருக்குன்னா, இது யாரு?”

நான் இரண்டு காகிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அமலோற்பவம் சொன்னாள்: “வீட்டுல இருக்கது தடம் சிஸ்டர். இதுதான் பிள்ளை.”

தலைவி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

ஜெசிந்தா கையில் பாதி கடித்த பப்படத்தோடு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை, நிலைப்படி வரை வந்து நின்று, “இங்க தெனமும் பப்படம் போடுதாவம்மா” என்றாள். பிறகுதான் முகம் கோணிக்கொண்டு வந்தது. தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுப் பாண்டி ஆடிக்கொண்டே லோடு மேட்டுக்குப் போனதும், உப்புக் குவியலின் உச்சியிலிருந்து கடல் தெரியுமா என்று பார்க்க லாரியில் ஏறியதும், வெயிலுக்குத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியதும், ஒதுங்கிய இடத்தில் தூங்கிப்போனதும் அம்மாவின் சேலைக்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்தன. கடைசியில் தலையை வெளியே நீட்டி, “என்னைய யாருமே தேடலியாம்மா?” என்று கேட்டாள்.

“தேடுனோம் மக்கா” என்றாள் அமலோற்பவம். “வேற பிள்ளையத் தேடிட்டோம்.”

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் பஸ் மாறி ஏறினோம். அது எங்கள் நாலரை மணி பஸ் என்று கண்டக்டர் கட்டைத் தூக்கிப் படியருகே வைத்தபோதுதான் கவனித்தேன். ஜெசிந்தா அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தாள், வேறு இடம் இல்லை. அன்று எங்களுக்காகப் பஸ் புன்னைக்கரை முக்கில் நின்றது. கண்டக்டர் கட்டை எறியாமல் கையில் கொடுத்தார், நாங்கள் பிள்ளையை இறக்கினோம்.

கடைமுன் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி கிளிப்பை வாயில் கவ்வியபடி அப்படியே நின்றார். ஊருக்கே தெரியும், ஜெசிந்தா மூன்று நாளாக வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இவள் அவளை விடக் குள்ளம், காலில் கொலுசு இல்லை, தலையில் எண்ணெய் வழிய மலையாளத்துப் பின்னல். ஒருத்தி கிட்டே வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நிச்சயமில்லாமல், பின்னால் நகர்ந்தாள். அமலோற்பவம் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எனக்கு இப்போதும் தெரிகிறது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

தவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். தன் வாழ்க்கையில் தனக்குக் கிடைக்கப்போகிற ஒரே பெரிய செய்தி இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“எங்கம்மா இருந்தா இத்தனை நாளும்?” என்றார்.

ஊர் முழுக்கக் காதைக் கொடுத்து நின்றது. நான் சித்திரைக்கனியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

“வீட்டுலதான் இருந்தா” என்றாள் அமலோற்பவம். “ஒங்க பேப்பர்லதான் போட்டிருந்துச்சே.”

தவமணி நோட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பேனாவை மூடி, மூடியது சரியாக அழுந்தியதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பையில் வைத்தார்.

“பிள்ளை களைச்சுப்போயிருக்கா” என்றார். “ஒரு டீ வாங்கிக் குடுக்கவா?”

“டீ குடிக்க மாட்டா” என்றாள் அமலோற்பவம். “பால்னா குடிப்பா. ஆடை இருக்கக் கூடாது.”

ஜெசிந்தாவைப் பற்றி அவர் விசாரித்து அறிந்த முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அண்ணாச்சியிடம் திரும்பி அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.